பூட்டைக் கழற்றிவிட்டு வைத்த படங்கள்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் கேட்ட ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் எழும்பிப் போனேன். புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னவள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் கொஞ்ச நாளாய் எல்லாற்ற வீட்டையும் போய்க் கொம்பியூட்டர் திருத்துறீங்கள்? அவையள் கூப்பிடவும் இல்லையாம், அம்மா சொன்னவ."

பெரியவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அப்பா ஏதோ பிழை விட்டிட்டார்."

"அப்பா விட்ட பிழையோ, கொம்பியூட்டர் விட்ட பிழையோ?" என்றாள் சின்னவள்.

"ரெண்டும்" என்று சொல்லிவிட்டு நான் கை கழுவப் போய்விட்டேன்.

வாயால் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரித்தான் சொல்லுவேன். எழுதினால் திருப்பி வாசித்துப் பார்க்கலாம், எங்கே ஒளிக்கிறேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மூன்று மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடிக் கதவு. ரெயில் போகும்போது மேசையில் இருக்கிற சின்ன ஆணிகள் நடுங்கும். கடற்காற்றுக்கு லப்டொப்பின் உள்ளே பச்சை பூத்துவிடும். பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்து எடுப்பதுதான் என் வேலையில் பாதி. நான் சாதாரண தரச் சோதனையோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். பிறகு பம்பலப்பிட்டியில் ஆறு மாதம் ஹார்ட்வெயார் வகுப்புக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அரைவாசி, பழுதான மிசின்கள் திரையில் எழுதிக் காட்டியது. இதைச் சொல்வது பெருமைக்கும் இல்லை, சாட்டுக்கும் இல்லை. எவ்வளவு தெரிந்துகொண்டு எவ்வளவு செய்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவை.

கொம்பியூட்டரின் பட்டனை அமத்தியவுடன் உங்களுக்குத் தெரிகிற திரை வருவதற்கு முன்னால் சில விநாடிகள் இருக்கின்றன. அந்த விநாடிகளில் மிசின் முழுதும் நித்திரை. விழித்திருப்பது நகத்தளவு சிப் ஒன்றில் இருக்கும் சின்னப் புரோகிராம் மட்டும்தான். அது அடுத்த ஆளை எழுப்பும், அவர் அதற்கடுத்த ஆளை எழுப்புவார். கடைசியாகத்தான் நீங்கள் விளையாடுகிற, படிக்கிற எல்லாம் எழும்பும். வைரஸ் பிடிக்கிற காவல்காரனும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான். அதனால் புது மிசின்களில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். எழும்புகிற ஒவ்வொருவரிடமும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாதவரை உள்ளே விடாது. இவ்வளவையும் வகுப்பில் படித்திருந்தேன். சோதனையிலும் எழுதினேன்.

அந்த விநாடிகளில் திரையில் வருவது மிசின் செய்த கொம்பனியின் பெயர். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

ஒருநாள் ஒரு ஐயா வந்தார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு முன்னறையில் ஆட்களுக்குத் தமிழ் ரைப் செய்து கொடுப்பவர். லப்டொப்பை மேசையில் வைத்தார்.

"பழுது ஒண்டுமில்லை. ஒரு முறைப்பாடு."

"சொல்லுங்கோ ஐயா."

"காலமை விளக்குக் கொளுத்திக் கும்பிட்டிட்டுத்தான் இதைப் போடுறன். போட்டால் முதல் வாறது கொம்பனிக்காரன்ர பேர். பிள்ளையாருக்கு முன்னால வாறதுக்கு அவன் ஆர்?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "ஏலுமோ ஏலாதோ?" என்றார்.

ஏலும் என்று நிரூபிக்க எனக்கும் ஆசை. இரண்டு நாள் தேடினேன். யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதி இலவசமாக இணையத்தில் விட்டிருந்த சின்னப் புரோகிராம் ஒன்று கிடைத்தது. மிசினின் மறைவான பகுதி ஒன்றில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு படத்தையும் வைத்தால், மிசின் எழும்பும்போது கொம்பனிக்காரன் விலகி அந்தப் படம் வரும். ஒரேயொரு இடைஞ்சல். அந்தப் புரோகிராமிடம் முத்திரை இல்லை. பூட்டு அதை உள்ளே விடவில்லை, சிவப்புப் பெட்டி போட்டு மறித்தது. செட்டிங்கில் போய்ப் பூட்டை நிற்பாட்டினேன். ஒரு வரி, ஒரு பட்டன், ஒரு விநாடி. பிள்ளையார் வந்தார். ஐயா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஆட்கள் அதற்கென்றே வரத் தொடங்கினார்கள். முருகன், மாதா, பேரப்பிள்ளை. ஒருவர் தன்னுடைய படத்தையே போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன், அடுத்த கிழமை அவருடைய மனைவி கொண்டுவந்து, "இந்த மூஞ்சையை வீட்டில பாக்கிறது காணாதே, எடுங்கோ" என்றார். ஒழுங்கை முனையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவும் ஏறி வந்தார். "எங்களுக்குப் படம் சரிவராது தம்பி. பிஸ்மி எழுதிப் போட ஏலுமா?" அழகான எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். யார் மிசினை ஃபோர்மட் பண்ணக் கொண்டுவந்தாலும், "முதலில் என்ன படம் வேணும்?" என்று நானே கேட்கிற அளவுக்கு அது எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. வேலை அட்டையில் 'ஃபோர்மட், துப்பரவு, படம்' என்று எழுதுவேன். பூட்டைப் பற்றி எந்த அட்டையிலும் எழுதவில்லை. எந்த ஆளிடமும் சொல்லவில்லை.

இப்போது கொட்டாஞ்சேனை அக்காவைச் சொல்லவேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் அவரைத் தெரியும், மாமாவின் கடுதாசிகளோடு போனபோது உங்களுக்கு மில்க் ரொபி தந்தவர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு அத்தாட்சி, கலியாண அத்தாட்சி, மரண அத்தாட்சி, பொலிஸ் முறைப்பாடு, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய எல்லாமே அவருடைய கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால்தான் செல்லும். கூடப்பிறந்தவனிடம் காட்டாத கடுதாசியைக்கூட ஆட்கள் அவருடைய மேசையில் விரித்து வைப்பார்கள். அவ்வளவும் அவருடைய ஒரே ஒரு மிசினுக்குள் இருந்தது.

அவருக்கு நான் முன்பே ஒரு சின்ன அந்தோனியார் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் போன அவருடைய மகள் தன் போனில் ஒரு படம் எடுத்துவந்தாள். நல்ல போன், பெரிய படம். அதைப் போடச் சொல்லி மிசினோடு கடைக்கு வந்தார். போட்டேன். அந்தோனியார் வந்தார். ஆனால் அவருடைய காலுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின. மிசின் தானாக அணைந்து மறுபடி எழும்பியது. இரண்டாம் தரம் கீபோர்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் தரம் எல்லாம் சரியாக வந்தது.

"படம் பெரிசு அக்கா, மிசின் தாங்கேல்ல" என்றேன்.

"அந்தோனியார் பெரிய ஆள்தானே தம்பி" என்றார் அவர். இருவரும் சிரித்தோம். படத்தைச் சுருக்கிப் போட்டேன். கோடுகள் வரவில்லை. ஏன் வந்தது, ஏன் போனது என்று நான் யோசிக்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்று இருந்தேன்.

பல மாதங்கள் கழித்து, பம்பலப்பிட்டியில் பாகங்கள் விற்கும் சிங்களத் தம்பி ஒருவன் எனக்கு ஒரு செய்தியை அனுப்பினான். "அய்யே, மேக பலன்ன" என்று மட்டும் எழுதியிருந்தான், இதைப் பாருங்கள் என்று. ஒரு எச்சரிக்கை அறிவித்தல். நான் பயன்படுத்திய அதே சின்னப் புரோகிராமின் பெயர் அதில் இருந்தது. இங்கிலீஸ் எனக்குக் கடுமையாக இருந்தது. போனில் மொழிபெயர்த்து, விளங்காததை மறுபடி மறுபடி வாசித்து, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமலே வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெரியவனே, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு படிவம் நிரப்பியது பற்றி அம்மா சொல்லிச் சிரிப்பாள். தகப்பனின் பெயருக்கு இருபத்தைந்து கட்டம் விட்டிருந்தார்கள். எங்கள் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று கட்டம் போட்டவருக்குத் தெரியாது. நிரப்பிய கிளாக் நிற்பாட்டவில்லை. கட்டம் முடிந்த பிறகும் அடுத்த வரியில் விலாசத்துக்கென்று விட்ட கட்டங்களுக்குள் எழுதிக்கொண்டே போனார். பிறகு கொம்பியூட்டரில் ஏற்றியவர் கட்டத்தை மட்டும்தான் பார்த்தார். விலாசக் கட்டத்தில் இருப்பது விலாசம் என்று எடுத்துக்கொண்டார். என் பெயரோடு சேர்ந்து வருகிற உன் தாத்தாவின் பெயரில் பாதி எங்கள் தெருவின் பெயராகி, கடிதம் வராமல் நாங்கள் அலைந்தோம்.

அந்தச் சின்னப் புரோகிராமும் அதைத்தான் செய்தது. படத்துக்கென்று மிசினின் நினைவகத்தில் இவ்வளவு இடம் என்று ஒதுக்கி வைத்திருந்தது. வருகிற படம் எவ்வளவு பெரிது என்று அது கேட்கவில்லை. வந்ததை எல்லாம் ஊற்றியது. இடம் நிரம்பி, பக்கத்து இடத்துக்குள் வழிந்தது. பக்கத்து இடத்தில் இருப்பது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மிசினுக்கு எழுதி வைத்திருக்கிற கட்டளை. சும்மா ஒரு படம் வழிந்தால் கோடு வரும், மிசின் தடுமாறும். ஆனால் கெட்டித்தனமான ஒருவன், வழிகிற பகுதியில் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதி, அதைப் படம் என்று சொல்லி ஒரு மெயிலோடு உள்ளே நுழைந்து அந்த மறைவான இடத்தில் வைத்துவிட்டால், ஒவ்வொரு நாள் காலையும் மிசின் எழும்புகிறபோது முதலில் அவன் சொன்னதைச் செய்யும். வைரஸ் காவல்காரன் அப்போது நித்திரை. அவன் எழும்பும்போது எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரியே இருக்கும். மிசினை ஃபோர்மட் பண்ணினாலும் போகாது. நாங்கள் ஃபோர்மட் பண்ணும்போது அந்த மறைவான பகுதியைத் தொடுவதில்லை.

பூட்டு இருந்திருந்தால் அந்தப் புரோகிராமே உள்ளே வந்திராது. பூட்டைக் கழற்றியவன் நான். கழற்றிவிட்டு வாசலில் நிறுத்திய ஆளும், வருகிறவரிடம் ஒன்றும் கேட்காத ஆள்.

அந்தக் கோடுகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், பிள்ளைகளே. வழிந்ததை மிசின் எனக்குத் திரையிலேயே காட்டியது. நான் படத்தைச் சுருக்கிவிட்டுச் சிரித்தேன்.

மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. வேலை அட்டைகளை எடுத்து 'படம்' என்று எழுதியதை மட்டும் பிரித்தேன். நாற்பதுக்கு மேலே இருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். திருத்தக் கொண்டுவந்த மிசினின் பூட்டைக் கழற்றிய கடைக்கு யார் மறுபடி வருவார்கள்? கடை போனால் வேறு எதற்கும் எனக்குப் படிப்புத் தராதரம் இல்லை. சொல்லாமல் விட்டால்? ஒருவருக்கும் தெரியாது. நான்காம் நாள் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆருக்கும் ஏதும் நடந்ததாமோ?" என்றாள்.

"தெரியாது. நடந்திருந்தாலும் தெரியவராது. அதுதான் கரைச்சல்."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லத்தானே?"

"பூட்டை வேணுமெண்டுதான் கழட்டினனான்."

அவள் கீரைச் சுளகைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மொழிபெயர்ப்பு அக்காவிட்ட முதல் போங்கோ. என்ர தம்பியின்ர கடுதாசியும் அதுக்குள்ளதான் கிடக்கு."

சனிக்கிழமை காலை புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்காவின் முன்னறையில் ஒரு பெண், மடியில் பைலை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். தனியாகக் கதைக்கவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அக்கா, "சும்மா சொல்லுங்க தம்பி, பில்லா?" என்றார். அந்தப் பெண் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். படிவக் கதையைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், கோடுகளைச் சொன்னேன். பூட்டைக் கடைசியாகச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் படம் கேட்டேன். பூட்டைக் கழட்டச் சொல்லி கேட்டேனா?"

"இல்லை அக்கா."

"நீங்க என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"வேணாம் எண்டிருப்பீங்கள்."

"அப்ப ஏன் கேக்கல?"

"யோசிக்கேல்ல அக்கா."

"யோசிச்சிருப்பீங்க. நான் வேணாம்னு சொல்லிருவேன்னு யோசிச்சிருப்பீங்க."

அது உண்மையா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரைப் செய்கிற ஐயாவிடம் நான் கேட்காததற்குக் காரணம் அவசரம். அக்காவிடம் கேட்காததற்குக் காரணம், அதற்குள் அது வழக்கமாகிவிட்டது. வழக்கமான ஒன்றுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

காத்திருந்த பெண் மெல்லக் கேட்டாள்: "அப்ப மிஸ், என்ர கடுதாசி?"

"உங்கட இன்னும் உள்ள போகல. கையில வச்சிருங்க" என்றார் அக்கா. அந்தப் பெண் பைலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அதைப் பார்க்காமல் இருக்க நான் மிசினைத் திறந்தேன்.

இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. கடுதாசிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே எடுத்து, மறைவான பகுதி உட்பட எல்லாவற்றையும் அழித்து, நகத்தளவு சிப்பில் இருக்கும் புரோகிராமையும் புதிதாக ஏற்றி, கடைசியாகப் பூட்டைப் போட்டேன். அந்த ஒரு வரி, அந்த ஒரு பட்டன். பூட்டுகிறபோதும் ஒரு விநாடிதான். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து முழுதையும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பார்க்கமாட்டார்; சாவியைத் தந்துவிட்டுப் போவது மாதிரி மிசினைத் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

"இனி சரியா?"

"இனி இந்த வழியால ஆரும் வரேலாது அக்கா. முன்னம் ஆரும் வந்தவையோ எண்டு என்னால சொல்லேலாது. அடையாளம் ஒண்டும் காணேல்ல. காணாததால இல்லை எண்டு சொல்லேலாது."

"எழுதித் தாங்க."

"என்னத்தை அக்கா?"

"இப்ப சொன்னத. உங்க கடைத் தாள்ல. என்கிட்ட வந்தவங்களுக்கு நான் சொல்லணும். நான் சத்தியம் பண்ணி முத்திரை குத்துற ஆள், தம்பி. சும்மா வாயால சொன்னா நம்புவாங்களா? நம்பினாலும் நான்தான் ஏதோ செஞ்சேன்னு நினைப்பாங்க."

பையில் கடைத் தாள் இருந்தது. பேனையை எடுத்தேன். ஒரு வரி எழுதினேன்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இக்கணினியின் பாதுகாப்பில் குறைபாடு ஏற்பட்டிருந்தது.' பார்க்க நன்றாக இருந்தது. அறிவித்தல்களில் இப்படித்தான் எழுதுவார்கள்.

அக்கா வாசித்தார். தன்னுடைய சிவப்புப் பேனையை எடுத்தார். "இதில நீங்க எங்க இருக்கீங்க?"

"அக்கா?"

"கோளாறு தானா படி ஏறி வந்துச்சா? யாரோ கூட்டிட்டு வந்தாங்கதானே?" முழு வரியையும் ஒரே கோட்டால் வெட்டினார். "வேற தாள் இருக்கா?"

இருந்தது. அந்தத் தாளில் கடையின் பெயர், என்னுடைய போன் நம்பர், எல்லாம் அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே எழுதினேன்: 'இந்தக் கொம்பியூட்டரின் பூட்டை நான் கழற்றினேன். உரியவரிடம் கேட்கவில்லை. முத்திரை இல்லாத ஒரு புரோகிராமை உள்ளே வைத்தேன். அதில் பிழை இருந்தது. அந்தப் பிழையின் அடையாளத்தை ஒரு தரம் கண்டும் தேடிப் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் வேறு யாரும் உள்ளே வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இன்று எல்லாவற்றையும் அழித்துப் பூட்டியிருக்கிறேன்.' கையெழுத்து வைத்தேன்.

அக்கா இரண்டு தரம் வாசித்தார். மடிக்காமல் ஒரு பைலில் வைத்தார்.

"இதை ஆக்களுக்குக் காட்டுவேன். கடைப் பேரோட."

"காட்டுங்கோ அக்கா."

"அந்தோனியார்?"

"முதல்ல வரமாட்டார். எல்லாம் எழும்பி, நீங்கள் பாஸ்வேர்ட் அடிச்ச பிறகு திரையில வருவார். அதில எவ்வளவு பெரிய படமும் போடலாம்."

"போடுங்க. அவருக்கு அவசரம் இல்ல" என்றார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி வந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் அவர் அந்தப் பெண்ணின் பைலைத் திறந்து வேலையைத் தொடங்கியிருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனேன். நீங்கள் கண்டது அதைத்தான். சிலர் கதையைக் கேட்காமலே, "சரி சரி, செய்திட்டுப் போங்கோ" என்றார்கள். அவர்களையும் இருத்திச் சொன்னேன், அவர்களுக்கு எரிச்சல். நானா கேட்டார்: "எங்கடதில படமே இல்லையே தம்பி, வெறும் எழுத்துத்தானே?"

"மிசினுக்கு எழுத்தும் படந்தான் நானா."

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க படமா வெச்சிருந்த? நல்லா ஈக்கிது உங்கட வேலை." சிரித்துவிட்டு, மிசினை என் பக்கம் தள்ளினார். ஆனால் வழமையாகத் தன் மகனின் லப்டொப்பையும் தருகிறவர், அன்றைக்கு அதைத் தரவில்லை. ஒரு சட்டத்தரணியின் அலுவலகம் என்னை வாசலோடு அனுப்பிவிட்டது. வேறு ஆளைக் கொண்டு செய்விப்பார்களாம். அது நியாயம்தான்.

ரைப் செய்கிற ஐயாதான் மறுத்தார். "உம்மட பூட்டை நீர் எங்கையாவது போடும். பிள்ளையாரை எடுக்க விடமாட்டன்."

"ஐயா, ஆக்களின்ர கடிதங்கள் இதுக்குள்ள கிடக்கு."

"அவர் காப்பாத்துவார்."

ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில், தான் ஆறஅமர யோசித்துச் சொல்லுவதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் போன் எடுத்துக் கேட்கிறேன். "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்கிறார். அவருடைய ஆசையை நிறைவேற்றியது நான்தானே, இப்போது அவரைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை.

நான் இதில் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். அந்தப் புரோகிராமை எழுதிய மனிதர் யாரென்று தெரியாது. எந்த நாட்டிலோ, ஒருவரிடமும் ஒரு சதம் வாங்காமல் எழுதியவர். அவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: நீ எவ்வளவு பெரிசு? நான் கேட்காமல் விட்டதும் ஒரே ஒரு கேள்வி: கழற்றட்டுமா? அவர் எச்சரிக்கை வந்து இரண்டு நாளில் பிழையைத் திருத்தி, "என்னுடைய தவறு" என்று தன் பக்கத்தில் எழுதியிருந்தார். எனக்கு நாலு நாளும், ஒரு சிவப்புப் பேனையும் தேவைப்பட்டது.

நாற்பதுக்கு மேற்பட்ட அட்டைகளில், ஐயாவுடையதைத் தவிர, ஆறு மிச்சம். போன் நம்பர் மாறியவர்கள், வெளிநாடு போனவர்கள். ஒருவருடைய பழைய வீட்டுக்குப் போனேன்; கதவைத் திறந்த சிங்கள அம்மாவுக்கு முன்பு இருந்தவர்களைத் தெரியாது. அந்த ஆறு மிசினும் எங்கேயோ ஒவ்வொரு காலையும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. யாருடைய மேசையில், எவருடைய கடுதாசிகளோடு என்று எனக்குத் தெரியாது. அவர்களாக எங்கள் படியேறி வந்தால்தான் உண்டு.

அதனால் போன திங்கட்கிழமை வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்திக் கடைக்குப் போனேன். தையல் கடை திறந்திருக்கவில்லை, ஒழுங்கையில் மீன்காரரின் சைக்கிள் மட்டும். அக்காவுக்கு எழுதியதையே, 'இந்தக் கொம்பியூட்டரின்' என்ற இடத்தில் 'இந்தக் கடையில் படம் போட்ட கொம்பியூட்டர்களின்' என்று மாற்றி, கடைசி வரிக்குப் பதிலாக 'கொண்டுவாருங்கள், காசில்லாமல் அழித்துப் பூட்டித் தருகிறேன்' என்று போட்டு, பெரிய எழுத்தில் மறுபடி எழுதினேன். கீழே சிங்களத்திலும் எழுதினேன். என் சிங்கள எழுத்து குழந்தைப்பிள்ளை எழுதியது போல இருந்தது, ஆனால் வாசிக்கலாம். எழுதிய பக்கம் படிக்கட்டைப் பார்க்கும்படி கண்ணாடிக் கதவில் வைத்து, நாலு மூலைக்கும் செலோரேப் நாடா ஒட்டினேன். கடற்காற்றுக்குக் கண்ணாடி ஈரமாக இருந்ததால் ஒரு மூலை கழன்று கழன்று வந்தது. சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்த மூலையைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது ஒட்டும்வரை.